‘ர்’ உள்ள மாதத்தில் விட்ஸ்டபிளுக்கு வாருங்கள்

கோடை பிறந்தால் போதும், லண்டனில் இருக்கும் உறவும் நட்பும் வரிசையாகப் போன் செய்யும். “சனிக்கிழமை கடற்கரைக்கு வரோம். உங்க பக்கம் எங்கே சாப்பிட்டா நல்லா இருக்கும்?” நான் கேன்டர்பரிக்குக் குடிவந்து 11 வருடம் ஆகிறது. விட்ஸ்டபிள், ஹெர்ன் பே, மார்கேட், பிராட்ஸ்டேர்ஸ், ராம்ஸ்கேட் என்று இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கென்ட் மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் எல்லாம் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்வரும் தூரம்தான். அதனால் என்னைக் கேட்பது நியாயம். ஆனால் பதிலுக்கு நான் கேட்பது அவர்களுக்குப் புரிவதில்லை. “எந்த மாசம் வரீங்க?”

கடைப் பெயரைக் கேட்டால் இவள் ஏன் மாதத்தைக் கேட்கிறாள் என்று நினைப்பார்கள். இத்தனை வருடம் இந்தக் கரையில் சாப்பிட்டுப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: இங்கே கடையைப் பார்க்கும் முன் கடலைப் பார்க்க வேண்டும். இந்த மாதம் கடல் என்ன கொடுக்கிறது, இன்றைக்குக் கடல் உள்வாங்கும் வற்றம் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு, அப்புறம் கடையைத் தேடினால் ஏமாற மாட்டீர்கள். போனில் நட்சத்திர மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் நின்று, எந்த ஊரிலும் கிடைக்கும் வறுவலைத் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

சிப்பியிலிருந்து தொடங்குகிறேன், இந்தக் கரைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். இங்கிலாந்தில் சிப்பிக்கு ஒரு பழைய விதி உண்டு. மாதத்தின் பெயரில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் சாப்பிடலாம், இல்லாவிட்டால் தொடக்கூடாது. தமிழில் எழுதிப் பார்த்தாலும் இது அப்படியே பொருந்துகிறது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் எல்லாவற்றிலும் ஒரு ‘ர’வோ ‘ரி’யோ ‘ர்’ரோ இருக்கிறது. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நான்கிலும் இல்லை. என் மகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்த நாட்களில் இதைக் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ‘ர் மாதம்’தான்.

விதிக்குக் காரணம் இருக்கிறது. இங்கே இரண்டு வகைச் சிப்பி உண்டு. ஒன்று ‘நேட்டிவ்’ என்று சொல்லும் இந்த மண்ணின் சிப்பி. தட்டையாக, வட்டமாக, உள்ளங்கை அளவில் இருக்கும். கோடையில் அது இனப்பெருக்கம் செய்யும்போது குஞ்சுகளைத் தன் ஓட்டுக்குள்ளேயே வைத்துக் காக்கும். அப்போது சதை பால்போல வெளுத்து, நாக்கில் மணல் நெருடுவது போல இருக்கும். சுவையும் போய்விடும். தின்னும் அளவுக்கு வளர நான்கைந்து வருடம் எடுக்கும் உயிர், பெருகும் மாதங்களில் அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டால்தான் அடுத்த வருடத்துக்கு மிஞ்சும். இன்னொன்று ‘ராக் ஆயிஸ்டர்’. பசிபிக் கடலிலிருந்து கொண்டுவந்து வளர்ப்பது. ஓடு நீளமாக, கரடுமுரடாக இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் வளர்ந்துவிடும், வருடம் முழுக்கக் கிடைக்கும். ஜூலையில் வந்து விட்ஸ்டபிள் சிப்பி சாப்பிட்டேன் என்று சொல்பவர் சாப்பிட்டது பெரும்பாலும் இதைத்தான். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நேட்டிவைச் சாப்பிட்டுப் பார்க்காதவர் இந்த ஊரைப் பாதிதான் பார்த்திருக்கிறார் என்பேன்.

லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையத்தில் ஏறினால் விட்ஸ்டபிளுக்கு ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் துறைமுகம். ஜனவரியில் ஒரு வார நாளில் வந்து பாருங்கள். கூழாங்கல் கரை, அலை வந்து கல்லை அரிக்காமலிருக்க நட்டுவைத்த மரத்தடுப்புகள், கறுப்புத் தார் பூசிய பழைய பலகைக் கொட்டகைகள். வெளியே ஆள் நடமாட்டமே இருக்காது. கடல் வற்றியிருந்தால், பக்கத்து டேங்கர்ட்டனில் ‘தி ஸ்ட்ரீட்’ என்று ஒரு கல்திட்டு எழுந்து நிற்கும். கரையிலிருந்து கடலுக்குள் அரை மைல் போல நீளும் அதன் மேல் நடந்தே போகலாம், இரண்டு பக்கமும் தண்ணீர். போவதற்கு முன் வற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் திரும்பும்போது காத்திருக்காது. அங்கே அரை மணி நேரம் குளிர்காற்றில் நடந்துவிட்டு வந்தால் வயிறு தானாகக் கேட்கும்.

அப்புறம் சிப்பி. உடைப்பவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இடது கையில் தடித்த கையுறை அல்லது மடித்த துணி. வலது கையில் குட்டையான, கூரில்லாத கத்தி. இரண்டு ஓடும் சேரும் கீல் பக்கத்தில் கத்தி நுனியை வைத்து அழுத்திச் சற்றே திருகுவார். ‘டக்’ என்று மெல்லிய சத்தம் கேட்கும். கத்தியை மேல் ஓட்டை ஒட்டி இழுத்து, ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுப்பார். மேல் ஓடு கழன்று வரும். கீழ் ஓட்டில் சதையும் அதைச் சுற்றித் தெளிந்த கடல்நீரும். அந்த நீரைக் கொட்டாமல் கொடுப்பவர்தான் தொழில் தெரிந்தவர். எலுமிச்சை, வெங்காயம் ஊறிய வினிகர், மிளகாய்ச் சாறு எல்லாம் வைத்திருப்பார்கள். முதல் சிப்பிக்கு எதையும் சேர்க்காதீர்கள். அப்படியே வாயில் போட்டு, விழுங்கிவிடாமல் மூன்று நான்கு தடவை மெல்லுங்கள். முதலில் உப்பு. அடுத்து செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீர் குடிப்பது போல ஒரு ருசி. கடைசியில், எதிர்பார்க்காத நேரத்தில், ஒரு இனிப்பு. அந்த இனிப்பு நேட்டிவில்தான் நின்று தெரியும். ராக் ஆயிஸ்டரில் உப்பும் வழுவழுப்பும் கூடுதல், இனிப்பு சீக்கிரம் போய்விடும்.

பச்சையாகச் சாப்பிடுவதா என்று தயங்குபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இரண்டு விஷயம். இங்கே பெரும்பாலான கரைப்பகுதிச் சிப்பிகளை விற்பதற்கு முன் சுத்தமான கடல்நீர்த் தொட்டிகளில் வழக்கமாக 42 மணி நேரம் வைத்திருந்துதான் கடைக்கு அனுப்புகிறார்கள். அவை தண்ணீரை இழுத்து வெளியேற்றித் தங்களைத் தாங்களே கழுவிக்கொள்ளும். அப்படியும் கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பச்சைச் சிப்பி பக்கம் போக வேண்டாம். மேலே ரொட்டித்தூளும் வெண்ணெயும் போட்டுச் சுட்டுத் தருவார்கள், அதைக் கேளுங்கள்.

இந்தச் சிப்பி ரோமானியர் காலத்திலேயே பெயர் போனது. இதே கென்டின் ரிச்பரோ கரைச் சிப்பி ரோம் நகரம் வரை பேசப்பட்டது. 19-ம் நூற்றாண்டில் லண்டன் ஏழைகளின் சாப்பாடே இதுதான் என்றால் இன்று நம்ப முடியாது. மாட்டிறைச்சி வாங்கக் காசு போதாதவர்கள் இறைச்சியைக் குறைத்துச் சிப்பியைச் சேர்த்து மாவுக்குள் வைத்து அவித்தார்கள். அப்புறம் அளவுக்கு மீறி அள்ளியது, நோய், கடுங்குளிர், 1953 ஜனவரி 31-ம் தேதி இரவு வட கடல் பொங்கி வந்த வெள்ளம் எல்லாம் சேர்ந்து படுகைகளை அழித்தன. ஏழையின் உணவு பணக்காரனின் தட்டுக்குப் போனது இப்படித்தான். தின்று கழித்த ஓட்டுக் குவியலைப் பார்த்தால் குப்பை என்று நினைக்காதீர்கள். சிப்பிக் குஞ்சுகள் ஒட்டி வளரப் பழைய ஓட்டைத்தான் தேடும், அதனால் ஓட்டைத் திரும்பக் கடலில் போடுவது பழைய வழக்கம்.

எங்கே சாப்பிடுவது? ஹை ஸ்ட்ரீட்டில் இளஞ்சிவப்பு முகப்போடு ஒரு சின்னக் கடை நிற்கும். ‘வீலர்ஸ் ஆயிஸ்டர் பார்’, 1856-ல் தொடங்கியது. உள்ளே இடம் மிகக் குறைவு, அதனால் வாரக்கணக்கில் முன்னதாகவே மேசை சொல்லி வைக்க வேண்டும். கரையோரம் பழைய செங்கல் கிடங்கில் ‘விட்ஸ்டபிள் ஆயிஸ்டர் கம்பெனி’ இருக்கிறது. ஒரு காலத்தில் சிப்பியைச் சேர்த்துவைத்த கட்டடம், இன்று ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் இடம். என்னைக் கேட்டால், பெரிய விருந்து என்றால் வீலர்ஸ், முதல் தடவை சிப்பி சாப்பிடுகிறவர் என்றால் துறைமுகத்துக் கடைகளில் நின்றபடியே ஒன்றோ இரண்டோ. பிடிக்காமல் போனால் நஷ்டம் குறைவு. பிடித்துப் போனால் இன்னும் ஆறு வாங்கலாம்.

துறைமுகத்தில் இன்னொன்றையும் விடாதீர்கள். ‘வெல்க்’ என்று கடல்நத்தை ஒன்று, கைப்பிடிக்குள் அடங்கும் சங்கு போல இருக்கும். தூண்டில் இரை வைத்த கூடைகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் இறக்கிப் பிடிக்கிறார்கள். அவித்து, சின்னக் கிண்ணத்தில் போட்டு, வினிகரும் வெள்ளை மிளகுத்தூளும் தூவித் தருவார்கள். நன்றாக மெல்ல வேண்டும், தாடை வலிக்கும். இங்கே பிடிபடுவதில் பெரும்பகுதி கொரியா பக்கம் கப்பலேறிவிடுகிறது. உள்ளூர் இளைஞர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அது வருத்தம். பிடித்த கரையிலேயே சாப்பிட ஆளில்லாமல் போகிற உணவு ரொம்ப நாள் தாங்காது.

இனி ‘தி ஸ்போர்ட்ஸ்மன்’. இதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன் என்று சொல்லலாம். விட்ஸ்டபிளிலிருந்து மேற்கே சீசால்ட்டர் வழியாகக் கடல் சுவரை ஒட்டி நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஒரு பக்கம் சேற்றுக்கடல், மறுபக்கம் ஆடு மேயும் சதுப்பு நிலம், இடையில் இந்தப் பழைய பப். வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் மங்கிய சாதாரணச் சாலையோர மதுக்கடை. 1999-ல் ஸ்டீபன் ஹாரிஸ் என்பவர் இதை எடுத்தார். சமையல் கல்லூரிக்குப் போகாதவர், தானாகவே கற்றுக்கொண்டவர். 2008-ல், சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்தது. நட்சத்திரம் வந்த பிறகும் அது பப்பாகவேதான் இருக்கிறது. மரத்தரை, மரமேசை, வெள்ளைத் துணி விரிப்பு கிடையாது.

இடம் தேர்ந்ததில்தான் விஷயம் இருக்கிறது. சீசால்ட்டர் என்ற பெயரிலேயே கடலும் உப்பும் இருக்கின்றன. பழங்காலத்திலிருந்தே உப்புக் காய்ச்சிய இடம். 1086-ல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில், இந்தச் சிற்றூர் கேன்டர்பரி பேராலயத்தின் சமையலறைக்குச் சேர்ந்தது என்று எழுதியிருக்கிறது. ஒரு சமையலறைக்கென்றே எழுதிவைத்த ஊர்! ஆயிரம் வருடத்துக்கு முன்பே இங்கே நல்ல சாப்பாடு விளையும் என்று துறவிகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஹாரிஸ் அதையே கையில் எடுத்தார். கடல்நீரைக் காய்ச்சி உப்பைத் தானே எடுத்தார். வெண்ணெயைத் தானே கடைந்தார். பக்கத்துச் சதுப்பில் மேய்ந்த ஆட்டையும் எதிரே பிடித்த மீனையும் சமைத்தார்.

அங்கே ‘ஸ்லிப் சோல்’ என்று ஒன்று தருவார்கள். சோல் என்பது நம் நாக்குமீன் போலத் தட்டையான மீன். ஸ்லிப் சோல் அதில் சின்னது, ஒரு ஆளுக்கு ஒன்று. தோலை உரித்து, முள்ளோடு முழுசாக வைத்து, கடற்பாசி கலந்த வெண்ணெயைத் தடவி மேல்சூட்டில் சுட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். தட்டில் அது மட்டும்தான். கீரை இல்லை, கிழங்கு இல்லை, அலங்காரம் இல்லை. கத்தியை நடுமுள்ளை ஒட்டி வைத்தாலே சதை வழுக்கிக்கொண்டு விலகும். பச்சைப் பொட்டுகளோடு உருகி நிற்கும் வெண்ணெயில் கடல் வாசனை இருக்கும், மீன் வாடை இருக்காது. நான் முதல் தடவை சாப்பிட்டபோது பக்கத்து மேசைக்காரர் ரொட்டித் துண்டால் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். நானும் அப்படியே செய்தேன். ரொட்டியையும் அங்கேயே சுடுகிறார்கள், அதைத் தனியாகவே சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

விலை அதிகம்தான், மறைக்க ஒன்றுமில்லை. பல வகைகள் வரிசையாக வரும் நிர்ணயச் சாப்பாடு, அதனால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். மேசை கிடைக்க மாதக்கணக்கில் முன்னதாகப் பதிய வேண்டும். சைவம் சாப்பிடுபவர்கள் பதியும்போதே சொல்லிவிடுங்கள். நாங்கள் வருடத்துக்கு ஒரு தடவை, திருமண நாளுக்குப் போகிறோம். அதற்காக மற்ற மாதங்களில் வெளியே சாப்பிடுவதைக் குறைத்துக்கொள்கிறோம். என் கணவர் கணக்குப் பார்க்கிறவர், அவரே இதற்கு இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சரி, எல்லோரும் கேட்கும் ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’. இதில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கடற்கரையில் உட்கார்ந்து, அலையைப் பார்த்துக்கொண்டு நீங்கள் தின்னும் காட் மீன் அந்த அலையிலிருந்து வந்ததல்ல. நாட்டில் விற்கும் காட் மீனில் பெரும்பகுதி ஐஸ்லாந்து, நார்வே பக்கத்து வடதுருவக் கடல்களில் பிடிபடுவது. பெரிய கப்பலில் பிடித்த சில மணி நேரத்திலேயே துண்டு போட்டு உறையவைத்துக் கொண்டுவருகிறார்கள். அது மோசமான மீன் இல்லை. அப்படி உறையவைத்த மீன் பல நேரம் மூன்று நாள் ஐஸில் கிடந்த மீனைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் கடற்கரைக்கு வந்ததால் அது ருசி கூடிவிடாது. ஒரு தடவை ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை, கடலைப் பார்த்த ஒரு கடையில் 50 நிமிடம் வரிசையில் நின்றோம். வந்தது மேலே கருகி, உள்ளே மாவு வேகாத வறுவல். என் மகள் மேல்மாவைப் பிரித்து வைத்துவிட்டு மீனை மட்டும் தின்றாள். எண்ணெய் மாற்ற நேரமில்லாத அளவு கூட்டம் என்று பார்த்தாலே தெரிந்தது. கூட்டம் நல்ல கடைக்கு அடையாளம் என்பது ஆகஸ்ட் மாதக் கடற்கரைக்குப் பொருந்தாது.

அதனால் வறுவல் கடைக்குப் போனால் பலகையில் ‘ராக்’ அல்லது ‘ஹஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இது சின்னச் சுறா வகை. தெற்கு இங்கிலாந்தில் பழைய ஆட்கள் இன்றும் இதைத்தான் கேட்பார்கள். நடுவில் ஒரே குருத்தெலும்பு, முள் கிடையாது. திருக்கை இருந்தால் அதையும் கேளுங்கள். இறகு போன்ற சதை வரிவரியாகப் பிரிந்து வரும். அப்புறம் முக்கியமாக, எதில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். சில கடைகளில் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள். உருளைக்கிழங்கு மட்டும்தானே என்று வாங்கும் சைவக்காரர்களுக்கு இது தெரிய வேண்டும். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

கையில் சிப்ஸ் பொட்டலத்தோடு நடப்பவர்களுக்குக் கடற்காகம் பெரிய தொல்லை. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் ‘ஹெர்ரிங் கல்’ என்ற வகைக் கடற்காகம் உணவை நெருங்கச் சராசரியாக 21 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டது என்று கண்டார்கள். எங்கள் வீட்டில் இப்போது ஒருவர் சாப்பிட, ஒருவர் பறவையை முறைப்பது என்று முறை வைத்திருக்கிறோம். உண்மையிலேயே பலன் தருகிறது. சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காருங்கள், பின்னாலிருந்துதான் அது வரும்.

மார்கேட் விட்ஸ்டபிளிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போல. பல வருடம் நொடித்துக் கிடந்த ஊர். 2011-ல் டர்னர் கன்டெம்பரரி ஓவியக்கூடம் திறந்த பிறகு மெல்ல எழுந்தது, சாப்பாட்டுக் கடைகளும் கூடவே வந்தன. எனக்குப் பிடித்தது கரையோரத்து ‘ஏஞ்சலாஸ்’. சின்ன இடம், மேசைப் பலகைகூட மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கில் செய்தது. இறைச்சி கிடையாது. மீனும் காய்கறியும்தான், அதுவும் அன்று என்ன வந்ததோ அதைக் கரும்பலகையில் எழுதிவைப்பார்கள். நீங்கள் கேட்ட மீன் இல்லை என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். இல்லை என்று சொல்லத் தெரிந்த கடையை நான் நம்புவேன். அவர்களுடையதே ‘டோரிஸ்’ என்று இன்னொன்று இருக்கிறது, சின்னச் சின்னத் தட்டுகளாகப் பகிர்ந்து சாப்பிட. கையில் காசு குறைவாக இருந்தால் கல்பாலம் பக்கத்தில் ‘மேனிங்ஸ்’ கடல் உணவுக் கடை. மட்டி ஒரு கிண்ணம் வாங்கி, வினிகர் ஊற்றி, கல்லில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மார்கேட்டின் மாலை வெளிச்சம் ஓவியர் டர்னரையே இழுத்து வந்தது, அதற்குத் தனியாகப் பணம் இல்லை.

ராம்ஸ்கேட்டில் 1903-ல் கட்டிய ராயல் விக்டோரியா பெவிலியனை நாடு முழுக்கக் கிளைகள் உள்ள வெதர்ஸ்பூன் பப் நிறுவனத்தார் 2017-ல் எடுத்து, தங்கள் பப்களிலேயே மிகப் பெரியதாக ஆக்கியிருக்கிறார்கள். சாப்பாடு எல்லா ஊரிலும் இருப்பதுதான். ஆனால் கடலைப் பார்த்த மாடியில் ஒரு காபி குடிக்கலாம். பிராட்ஸ்டேர்ஸ் போனால் 1932-லிருந்து இருக்கும் ‘மொரெல்லிஸ்’ ஐஸ்கிரீம் கடை. 1950-களின் இளஞ்சிவப்பு இருக்கைகளை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். கீழே வைக்கிங் பே மணல் விரிந்து கிடக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அதற்கே அரை நாள் ஒதுக்குங்கள்.

‘ர்’ இல்லாத மாதத்தில்தான் வர முடியும் என்பவர்கள் என்ன செய்வது? மூன்று வருடத்துக்கு முன் என் அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்தது ஜூலையில். சிப்பி சொல்லிக் கூட்டிப்போக முடியவில்லையே என்று எனக்குக் குறைதான். விட்ஸ்டபிள் துறைமுகத்து மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்து ஒவ்வொரு மீனுக்கும் வயது சொல்லிக்கொண்டு வந்த அம்மா, ஒரு தட்டின் முன்னால் நின்றுவிட்டார். பச்சைப் பசேலென்று, கணுக்கணுவாக, இலையே இல்லாத குச்சிகள்.

“ஏட்டி, இது உமரில்லா?”

கடைக்காரர் அதை ‘சாம்ஃபயர்’ என்றார். ஒரு கணுவை ஒடித்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா மென்று பார்த்தார், உப்புத் தண்ணீர் தெறித்தது, தலையை ஆட்டினார். உமரியேதான், அந்த இனம்தான். உப்பளக் கரையில் கால் வைக்கும் இடமெல்லாம் முளைக்கிற செடி. எங்கள் பக்கம் உமரிக்காடு என்று ஒரு ஊரே இருக்கிறது. இங்கே கென்ட் சதுப்பில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வெட்டுகிறார்கள். இந்தக் கரையின் நல்ல சாப்பாட்டுக் கடைகள் எல்லாவற்றிலும் கோடையில் மீனுக்கு அடியில் இதைத்தான் பரப்பிவைப்பார்கள். வெண்ணெயில் ஒரு நிமிடம் புரட்டினால் போதும். உப்புப் போடக்கூடாது.

அன்று மதியம் கரையில் உட்கார்ந்து, ஓட்டிலேயே வைத்துக் கொடுத்த நண்டுக்கறியும் உமரியும் சாப்பிட்டோம். ஜூலை நண்டில் சதை கட்டியிருந்தது. வழியில் ஒரு வண்டியில் கென்ட் செர்ரிப் பழம் ஒரு பை வாங்கினோம். கோடையில் சில வாரம்தான் அது கிடைக்கும், கிடைக்கும்போது விடக்கூடாது. சாயங்காலம் ஒரு பேக்கரியில் ‘ஜிப்சி டார்ட்’. கென்டை விட்டால் வேறு மாவட்டங்களில் அதிகம் கிடைக்காத இனிப்பு, இங்கே பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டில் போடுவார்களாம். டின்னில் வரும் சுண்டிய பாலையும் மஸ்கோவாடோ சர்க்கரையையும் கால் மணி நேரம் நுரைக்க நுரைக்க அடித்து, மாவுக் கிண்ணத்தில் ஊற்றிச் சுட்டெடுப்பது. மஸ்கோவாடோ என்பது நம் நாட்டுச்சர்க்கரை மாதிரிதான், அதே நிறம், அதே ஈரம். மேலே லேசாக ஒட்டும், உள்ளே பஞ்சு போல இருக்கும். அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, இன்னும் இரண்டு பார்சல் சொல்லச் சொன்னார்.

உமரி கால் கிலோ வாங்கி வந்தோம். மறுநாள் அம்மா பாசிப்பருப்பு வேகவைத்து, பூண்டு தட்டிப் போட்டு, அதைக் கிள்ளிப் போட்டுக் கூட்டு வைத்தார். நான் பழக்கத்தில் உப்பு டப்பாவை எடுத்து நீட்டினேன். “வேண்டாம்ட்டி, கடலே போட்டிருக்கு” என்று அதை அலமாரியில் திரும்ப வைக்கச் சொன்னார்.